இரும்பில் ஒட்டாது என்பாள்

அவள் கை கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பாள். நகக்கண்ணுக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் குடைவாள். குடைந்து எடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு வாய் நிறையத் தண்ணீரை வாங்கி நன்றாகக் கொப்பளித்து, அந்தத் தண்ணீரைக் கையிலேயே துப்பி இன்னொரு தடவை கழுவுவாள். "வாய்த் தண்ணி சுத்தம்த்தா. நம்ம உடம்புச் சூட்டுல கிருமி செத்துரும்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன்.

வயதில் மூத்தவளை அவள், இவள் என்று எழுதுகிறேன். நேரில் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. வாங்க மதினி, போங்க மதினிதான். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் வாக்கப்பட்டு, புருஷன் போனபிறகு, தம்பியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, தறிப் பட்டறையில் சேர்த்து ஆளாக்கியவள். அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். செல்லூரில் ஒரு சந்துக்குள்ளே இருந்த காம்பவுண்டில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு நடை. வீட்டுக்காரர் விசைத்தறிகளுக்கு ரிப்பேர் பார்ப்பார். அவள் வீட்டிலிருந்தபடியே நூல் சுற்றிக் கொடுப்பாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வாயில் தங்கிய துணுக்கைத் தூவென்று சுவரில் துப்புவாள். அந்தச் சுவரில் கலர் கலராக நூல் ஒட்டிக் காய்ந்துகிடக்கும். இந்த லட்சணத்தில் இவள்தான் எங்களுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுத்தவள்.

எண்பதுகளின் நடுவில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது. ரத்தம் வேண்டும் என்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டு, அந்த ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் காமாலைக் கிருமி இருக்கிறதாம். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனுஷன் கல்லுப் போல இருக்கிறார். கண்ணில் மஞ்சள் இல்லை, பசி குறையவில்லை. "சில பேருக்கு அப்படித்தான். உள்ளயே இருக்கும், வெளிய காட்டாது" என்றார் டாக்டரம்மா.

எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா எல்லாம் சொன்னார். மதினி கட்டிலில் படுத்திருந்தாள். நானும் அவரும் பக்கத்தில் நின்றோம். "தொட்டா ஒட்டாது. பேசினா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட ஒட்டாது. ரத்தத்துலதான் ஆபத்து. பிளேடு, ஊசி, பல் தேய்க்கிற பிரஷ், இதெல்லாம் அவருக்குத் தனியா இருக்கணும். அவ்வளவுதான்." புருஷன் பெண்டாட்டி விஷயத்தை நர்ஸ் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் அப்போது ஐந்து மாதம். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். "பிறக்கப்போற பிள்ளைய இவரு தூக்கலாமா டாக்டர்" என்று கேட்டேன். "தாராளமா. தூக்கட்டும், கொஞ்சட்டும்" என்றார்.

மதினி முகட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா நகர்ந்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது: "நல்லவேளை, அந்த ரத்தம் என் உடம்புல ஏறல."

தம்பியின் முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அவர் அந்தக் கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பத்து வயதிலிருந்து அந்த அக்காளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர். என் நெஞ்சு எரிந்தது. ஆபரேஷன் செய்த உடம்பாயிற்றே என்று அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்கு ஒரு அலுமினியத் தட்டும் ஒரு டம்ளரும் தனியாகப் போயின. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். இரண்டும் கக்கூசுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும். அவர் நடையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அவள் நின்றபடி, கரண்டி அவர் தட்டின் காற்றுக்கூடப் படாத உயரத்திலிருந்து, சோற்றைப் போடுவாள். பாதி தட்டில் விழும், பாதி தரையில். குழம்பு தெறித்துப் பனியனில் படும். அவர் எழுந்ததும் உட்கார்ந்த இடத்தில் பினாயிலை ஊற்றித் தள்ளுவாள். ரசத்து வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், மசக்கைக்காரி நான், தினமும் ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்துகொள்வேன்.

"டாக்டரம்மா தட்டுல ஒட்டாதுன்னு சொன்னாங்கல்ல மதினி" என்று நான் ஆரம்பித்தால், "அவங்களுக்கு என்னத்தா, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. வந்தா வாரிக் கொடுக்கப்போறது நாமதான" என்பாள். அவரிடம் போய் முறையிட்டால், "விடு. அக்கா மனசு நோகக்கூடாது" என்பார். அவர் மனசு ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் பேசியதில்லை. அவரே பேசியதில்லை. அதை நினைத்தால் அவர் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காம்பவுண்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரு கதை கட்டிவிட்டிருந்தாள். தம்பி பழனிக்கு வேண்டிக்கொண்டு விரதம் இருக்கிறானாம். அதனால்தான் தனித் தட்டு, தனிப் பாய், யாரையும் தொடுவதில்லை. காம்பவுண்டே மெச்சியது. "கல்யாணமாகி வருசம் திரும்பல, இம்புட்டுப் பக்தியா" என்றார்கள். ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா காய்ச்சலில் கிடந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "விரதக் கையால இவனுக்குத் துன்னூறு பூசி விடுங்க தம்பி" என்று நின்றாள். இவர் திருதிருவென்று விழித்தார். மதினி சமையல்கட்டிலிருந்து பாய்ந்து வந்து நடுவில் நின்றாள். "பூசக்கூடாதுத்தா, பூசினா அவன் விரதம் உன் பிள்ளைக்குப் போயிரும்." அந்த அம்மா அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

எனக்குப் பெண் பிறந்தது. பிரசவத்துக்கு வில்லாபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பார்க்க வந்தவர் வாசல்படியில் நின்றார். அக்காள் பக்கத்திலேயே காவல். மூன்றாம் மாதம் செல்லூருக்குத் திரும்பியபிறகும் அதே கதை. அவர் அறைக்குள் வந்தால் "தள்ளி நில்லு" என்பாள். அவர் தள்ளி நின்று நாக்கால் சத்தம் கொடுப்பார், கிலுகிலுப்பையை ஆட்டுவார். பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துச் சிரிக்கும். தவழ ஆரம்பித்தபிறகு இன்னும் கேவலம். பிள்ளை அவரை நோக்கி வரவர அவர் பின்னால் போவார். சுவர் முட்டியதும் ஸ்டூல் மேல் ஏறிக்கொள்வார். பெற்ற பிள்ளைக்குப் பயந்து ஒரு ஆண்பிள்ளை ஸ்டூல் மேல் நிற்பான். கீழே அது அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டும். மதினி வந்து பிள்ளையை வாரிக்கொண்டு போவாள்.

வாரிக்கொண்டு போனவள் என்ன செய்வாள்? சோற்றைத் தன் வாயில் போட்டுக் கூழாக மெல்லுவாள். மென்றதை விரலால் வழித்து எடுத்துப் பிள்ளையின் வாயில் வைப்பாள். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் வேறு. பிள்ளைக்குப் போகும் சோறு இளஞ்சிவப்பாக இருக்கும். சளி பிடித்தால் பிள்ளையின் மூக்கில் தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்புவாள். துப்பினதைக் காட்டி, "பாரு, எம்புட்டுக் கெட்டியா வந்துருக்குன்னு" என்பாள். பிள்ளை மேல் அவளுக்கு உயிர், அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிரியம்கூட ஒரு எச்சிலாகத்தான் வந்தது.

இதைவிட மோசம் அவளுடைய ஊக்கு. ரவிக்கையில் எப்போதும் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். யார் காலில் முள் ஏறினாலும் அதுதான் எடுக்கும். ஒரு தடவை அவர் உள்ளங்கையில் பட்டறை இரும்புச் சிராய் ஏறிவிட்டது. தம்பியைத் தொடமாட்டாளே, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஊக்கால் நோண்டினாள். ரத்தம் வந்தது. சிராயை எடுத்தபிறகு ஊக்கை முந்தானையில் ஒரு இழு இழுத்துத் துடைத்தாள். துணியை அடுப்பில் போட்டாள். கையைக் கழுவினாள், நான் சொன்னேனே, அந்தக் கழுவல். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதே ஊக்கால் பல் இடுக்கில் மாட்டிய பாக்கைக் குத்தி எடுக்க ஆரம்பித்தாள்.

"மதினி, அதுல அவரு ரத்தம் இருக்கு. டாக்டரம்மா சொன்னது இதத்தான்" என்றேன்.

"இரும்புல ஒட்டாதுத்தா" என்றாள், சாவகாசமாக. "இரும்பு சாமி. அய்யா கோயில்ல அருவாளத்தான நட்டுவச்சுக் கும்புடுறோம். தீட்டு மனுசன்கிட்ட ஒட்டும், துணியில ஒட்டும், சோத்துல ஒட்டும். இரும்புல ஒட்டாது."

அன்று சாயங்காலமே அதே ஊக்கால் பிள்ளைக்குக் காது அழுக்கு எடுக்கப் போனாள். பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். இரண்டு வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். மூன்றாவது வேளைக்கு எழுந்தபோது ரவிக்கையில் புது ஊக்கு இருந்தது.

எதற்கு இவளுக்கு இவ்வளவு பயம் என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காமாலையில்தான் போனாராம். வயிறு வீங்கி, கண் மஞ்சப் பொடியாக. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், கையில் சூடு போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன அன்றைக்கே மாமியார் இவளுடைய பாயைக் கொளுத்தி, இவளை மாட்டுக்கொட்டத்தில் இருக்கச் சொல்லிவிட்டாளாம். "சாணிக்குள்ள கிடந்தேன். சோத்த வாசல்ல வச்சுட்டு ஓடுவாளுக. அவரு தட்டுலதான் நான் கடைசி வரைக்கும் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் வரல."

"உங்களுக்கு வரலைல மதினி? பெறகு ஏன் இவருக்கு இதச் செய்றீங்க?"

"எனக்கு வரல. அதுக்காக?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. அந்த மாட்டுக்கொட்டத்தை நினைத்து எனக்கு மனசு இளகத்தான் செய்தது. அன்று மத்தியானமே அவருக்கு அவள் சோறு போட்டதைப் பார்த்ததும் இளகினது இறுகிவிட்டது. தான் பட்டதைத் தம்பிக்கும் கொடுக்க மனசு வந்ததே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளைக்குப் பதினோராம் மாதம் குலசாமி கோயிலில் முதல் முடி இறக்கப் போனோம். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே போகவேண்டிய ஊர். பங்காளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் பொங்கல் பானைகள், ஒரு பக்கம் புளியமரத்தடியில் முடி எடுக்கிறவர். வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து மொட்டை என்பது எனக்குத் தெரியும். மற்றதை மதினி அங்கே வைத்துத்தான் சொன்னாள். தம்பி ரத்தத்தில் கிருமி என்று கேட்ட அன்றே வேண்டிக்கொண்டாளாம். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே கத்தி. நடுவில் கத்தியைக் கீழே வைக்கக்கூடாது, கழுவக்கூடாது. "அப்பனப் பிடிச்சது பிள்ளையப் பிடிக்காம ரெண்டையும் ஒண்ணா வழிச்சு எறிஞ்சிரணும்த்தா" என்று என் காதோடு சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நான் அவள் பேச்சு பிடிபடாமல் நின்றுகொண்டிருந்தபோதே அவர் தலை முடிந்துவிட்டது. காதுக்கு மேலே கத்தி கீறி, ரத்தம் கோடாக இறங்கியது. என் அண்ணன் தாய்மாமன் முறைக்குப் பிள்ளையை மடியில் வைத்து, தலையை நனைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். முடி எடுக்கிறவர் கத்தியை உள்ளங்கையில் துடைத்துவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நில்லுங்க. வேற கத்தி எடுங்க" என்றேன்.

"ஒரு கத்திதான் கொண்டாந்திருக்கேன் தாயி. அக்கா அப்படித்தான் சொல்லிவிட்டாங்க."

"நீ எடுப்பா" என்றாள் மதினி. "அவ சின்னப்பிள்ள, விவரம் பத்தாது."

"அதுல ரத்தம் இருக்கு மதினி."

"இரும்புல என்னத்தா ஒட்டும்" என்றவள், என் மணிக்கட்டைப் பிடித்து நெருக்கினாள். "பங்காளி பூராம் நிக்கிறாங்க. வாயத் தொறந்த, அவன் மானம் போயிரும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை உதறிக்கொண்டு போய் அண்ணன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினேன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "இவருக்கு ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்கு. அந்தக் கத்தி பிள்ளை தலையில படக்கூடாது. தொட்டா ஒட்டாது, ரத்தம் பட்டாத்தான் ஒட்டும்."

கடைசியில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முடி எடுக்கிறவர் கத்தியைக் கல்மேல் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் தேய்த்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பங்காளிப் பையன் செம்பைப் போட்டுவிட்டு நகர்ந்தான். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். காலையில் என் மகளை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி தன் சேலையையே பார்த்தாள். புளியமரத்தடியில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். மதினி எங்கே என்று தேடினால், அவளும் அந்தக் கூட்டத்தோடு தள்ளி நிற்கிறாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "நான் தனித் தட்டு வச்சுத்தான் பாத்துக்கிட்டேன். ஒரு நாளும் அவன் தொட்டத நான் தொட்டதில்ல" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காறித் துப்பலாம்போல இருந்தது. கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பிள்ளையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அவர் தலையைக் கழுவினேன். ரத்தம் நிற்கும்வரை துணி வைத்து அழுத்தி, துண்டை இறுக்கிக் கட்டினேன். என் கையை நன்றாகக் கழுவினேன். "இத நல்லாக் கொதிக்க வச்சுட்டு எடுங்கண்ணே, இல்லாம இன்னொரு தலையில வைக்காதீங்க" என்று முடி எடுக்கிறவரிடம் சொன்னேன். அவர் கத்தியைத் துணியோடு எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். அப்புறம் பிள்ளையை வாங்கி வந்து வீட்டுக்காரர் முன்னால் நீட்டினேன்.

"பிடிங்க."

இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார். நான் விடவில்லை. மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். விழுந்துவிடுமே என்று பிடித்தார். அக்குளில் கை கொடுத்து, தன் மேல் படாமல் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "போதுமாக்கா?"

"குடுத்துரு, குடுத்துரு" என்றாள் அவள்.

என்னிடம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தார். யாரிடம் நீட்டினாலும் அவர்கள் பின்னால் போனார்கள். என் அண்ணன் ஒரு எட்டு வைத்தான். நான் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். பிள்ளைக்குக் கால் தொங்கிக்கொண்டிருந்தது, சிணுங்கியது. வேறு வழியில்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மதுரை பஸ்ஸில் நானும் அவரும் ஒரு சீட்டில். பிள்ளை, முடி இறக்காத தலையோடு, அவரிடம்தான். மதினி முன்னால் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேலூருக்கு முன்னால் ஒரு தடவை எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்தாள். பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். பிள்ளையின் முதுகில் அவர் இரண்டு கையும் இருந்தன. அவற்றைத் தொடாமல் பிள்ளையை எடுக்க முடியாது. நீட்டின கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு இழுத்துக்கொண்டு தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் திரும்பவில்லை.

மேலூர் தாண்டியபோது பிள்ளை வாயைத் திறந்துகொண்டு அவர் கழுத்தடியில் தூங்கிவிட்டது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கை மரத்துப்போச்சு" என்றார்.

"அந்தக் கைக்கு மாத்திக்கங்க" என்றேன்.